லால்பாக் செல்வோர் கவனத்திற்கு: 'குடும்பப் பேக்கேஜ்' என்ற பெயரில் என்னிடம் பறித்த 3,850 ரூபாய்

பெங்களூரு லால்பாக்கில் குடியரசு நாளையொட்டி நடக்கும் மலர்க் கண்காட்சிக்காக, சுற்றுலாச் சீட்டு விற்கும் ஓர் இணையதளத்தில் 3,850 ரூபாய் கட்டி ஏமாந்து, நேற்று இரவுதான் ஓசூர் திரும்பினோம். இன்னொரு குடும்பம் சிக்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நுழைவுச் சீட்டு, வரிசையில் நிற்காமல் உள்ளே செல்லும் வசதி, 240 ஏக்கர் தோட்டத்தையும் சுற்றிக் காட்டப் பேட்டரி வண்டி, ஏரியில் அரை மணி நேரப் படகுச் சவாரி ஆகிய அனைத்தும் அந்த விலையில் அடக்கம் என்று, 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகையின் படத்தோடு விளம்பரம் செய்திருந்தார்கள். பணம் கட்டுமுன் அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்துப் பேசினேன். அம்மாவுக்கு மூட்டுவலி என்று சொன்னதும், "அம்மாவை ஒரு அடி நடக்க விடாதீங்க சார், டபுள் ரோடு கேட்டுக்கே வண்டி வந்து நிக்கும், டிரைவர் பேரும் மெசேஜ்ல வந்துடும்" என்று எதிர்முனையில் இருந்தவர் அத்தனை கரிசனமாகப் பேசினார். பெற்ற மகனைப் போலப் பேசியவரை எப்படிச் சந்தேகிப்பது? அந்த அழைப்பு முடிந்த கையோடு பணத்தை அனுப்பினேன்.

வாசலில் வண்டியும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. என் கைப்பேசியில் இருந்த க்யூஆர் கோடைப் பார்த்த பணியாளர், இது தோட்டக்கலைத் துறையின் சீட்டே அல்ல என்று கையை விரித்துவிட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற சேலத்துக் குடும்பத்தாரின் கைப்பேசியிலும் கடைசி இலக்கம்வரை அதே பதிவு எண் இருந்ததைக் கண்டபோதுதான் ஒரே சீட்டை எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது புரிந்தது. கவுன்டரில் சில நூறு ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கி உள்ளே சென்றோம். பூக்களை ஒரு சுற்றுப் பார்ப்பதற்குள் அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்; 300 கோடி ஆண்டுப் பழமையான பாறையும் அதன்மேல் நிற்கும் கெம்பே கவுடா கோபுரமும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. படகைப் பற்றிக் கேட்டதற்கு ஏரிக்கரைக் காவலர் சிரித்தே விட்டார்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் ஏழு வேலை நாள்களில் பணம் திரும்பும் என்றார்கள். மறுபடி அழைத்தபோது, அன்றைக்குத் தமிழில் குழைந்த அதே குரல் இந்தியில், சீட்டு வழங்கியவர் வேறு, தாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்றது. கடைசியாக, என் சீட்டு 'பயன்படுத்தப்பட்டுவிட்டது' என்பதால் 3,850 ரூபாயில் ஒரு காசும் திரும்பாது என்று மின்னஞ்சல் வந்தது. அதன் அடியில் அடுத்த பயணத்துக்கு 200 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் வேறு!

எச்சரிக்கையாக இருப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இவ்வளவே முடிகிறது. சீட்டை வாசல் கவுன்டரில் வாங்குங்கள். லால்பாக் ஏரியில் படகு என்று எவர் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். சேலத்துக்காரர்கள் இதைப் படித்தால் தொடர்புகொள்ளவும். இரண்டு புகாரிலும் அந்த ஒரே பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும்.