நியூயார்க் டெனமென்ட் மியூசியம்: முட்டி வலியோட எங்கம்மாவே ஏறிப் பார்த்துட்டாங்க

நியூயார்க் வந்தா எல்லாரும் லிபர்ட்டி சிலை, டைம்ஸ் ஸ்கொயர்னு ஓடுவாங்க, நாங்க அம்மாவ கூட்டிட்டு லோயர் ஈஸ்ட் சைடுல இருக்கற டெனமென்ட் மியூசியம் போனோம். டெனமென்ட்னா ஏழைக் குடும்பங்க நெருக்கியடிச்சு வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீடு. கண்ணாடிப் பொட்டிக்குள்ள பழைய சாமான் வச்சிருப்பாங்கன்னு நெனச்சேன், அப்படி இல்ல, ஆர்ச்சர்ட் ஸ்ட்ரீட்ல 97ஆம் நம்பர் பில்டிங்கே தான் மியூசியம். 1863ல கட்டினது. 1935ல வாடகை வீடுங்களுக்கு வந்த புது சட்டத்துக்கு ஏத்த மாதிரி செலவு பண்றதுக்கு பதிலா ஓனர் குடியிருந்தவங்கள காலி பண்ணிட்டு மாடிய பூட்டிட்டாராம், அதனால தான் உள்ள அப்படியே இருந்திருக்கு.

நம்ம இஷ்டத்துக்கு சுத்த முடியாது, கைடு கூட தான் போகணும். டூர் பல வகை இருக்கு, நாங்க தையல்காரங்க கதைய எடுத்தோம்.

ஒரு வீடுன்னா மூணு ரூம், மொத்தமே 325 சதுர அடி. வெளிய பார்த்த ஜன்னல் ஒரு ரூமுக்கு மட்டும் தான், மத்ததெல்லாம் பட்டப்பகல்லயே இருட்டு. ஆரம்பத்துல கக்கூஸ் பின்னாடி முற்றத்துல, நாலு மாடி இறங்கிப் போகணும், வாடகை வீடுங்களுக்காக 1901ல வந்த சட்டத்துக்கு அப்புறம் தான் மாடிக்கு மாடி வந்திருக்கு.

இதுக்குள்ள 1890கள்ல லெவின்னு ஒரு குடும்பம், போலந்துலருந்து வந்தவங்க, குழந்தைங்களோட குடியும் இருந்துக்கிட்டு முன் ரூம்ல துணி தைக்கிற கடையும் நடத்தியிருக்காங்க. தைக்கறவங்க ஜன்னல் பக்கம், அயன் பண்றவர் கிச்சன்ல, ஏன்னா சோறு வேகறதும் இஸ்திரிப்பெட்டி காயறதும் ஒரே கரி அடுப்புல. ஆபீஸ்லருந்து வீட்டுக்கு வர ட்ராஃபிக்க திட்டறவன் நான், இவங்களுக்கு வேலை முடிஞ்சு போறதுக்கு இன்னொரு இடமே இல்ல.

அதே பில்டிங்ல இன்னொரு வீட்டுல குடியிருந்த, அயன் வேலை பார்த்த ரோகர்ஷெவ்ஸ்கின்னு ஒருத்தர் 1918ல டிபி வந்து செத்துட்டார், அவர் சம்சாரம் அந்த பில்டிங்கையே பெருக்கித் துடைச்சு பார்த்துக்கற வேலைக்கு சேர்ந்து தான் குடும்பத்த ஓட்டியிருக்காங்க. இத கேட்டப்போ கூட்டத்துல ஒருத்தரும் பேசல.

மேல போக லிஃப்ட் கிடையாது, படி குறுகல், பெரியவங்கள கூட்டிட்டு போறவங்க யோசிச்சுக்கோங்க. டிக்கெட் முன்னாடியே எடுத்துடுங்க.

வருஷக்கணக்கா ஊருக்கு ஜாக்கெட் தைச்சுக் குடுத்த எங்கம்மா அந்த இஸ்திரிப்பெட்டியவே பார்த்துட்டு நின்னாங்க. "வெயில் காலத்துல என்னடா பண்ணுவாங்க, அடுப்ப அணைக்க முடியாதே?"ன்னாங்க. கைடு கிட்ட இங்கிலீஷ்ல மாத்தி கேட்டேன். அணைக்க மாட்டாங்களாம்.