மலிவு சீனி சென்சர் வாங்குவோர் கவனத்துக்கு: இரண்டு துண்டிலும் ஒரே எண் இருக்கிறதா?

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கொஞ்ச நாளாக ஒரு வியாபாரம் நடக்கிறது. மருந்துக் கடையில் 200 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும் லிப்ரே சென்சர், அதாவது கையில் ஒட்டினால் 14 நாள் சீனி அளவு காட்டும் கருவி, வாட்சாப்பில் சொன்னால் 110 வெள்ளிக்கு வீடு தேடி வருகிறது. கையில் ஒட்டியும் விடுகிறார்கள். ஏமாந்தவர்கள் எங்களிடம் கொண்டுவந்த பெட்டிகளில் பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் எண். லிப்ரே, லிப்ரே 2 பெட்டிக்குள் இரண்டு துண்டு இருக்கும்: மேல்தாளை உரித்துத் திறக்கும் சென்சர் டப்பா ஒன்று, கையில் வைத்து அழுத்தும் அப்ளிகேட்டர் ஒன்று. இரண்டிலும் ஒரே சென்சர் குறியீடு அச்சாகியிருக்க வேண்டும். ஜோடி மாறினால் அளவு தப்பாக வரும் என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. வந்த பெட்டி ஒன்றில் டப்பாவில் ஒரு குறியீடு, அப்ளிகேட்டரில் வேறு. மிச்சம் மீதியைச் சேர்த்து ஜோடி கட்டியிருக்கிறார்கள். விரலில் குத்திப் பார்த்தால் 7.2 (mmol/L), சென்சர் காட்டியது 11.9. அந்த அம்மா இன்சுலின் போடுகிறவர். 11.9-ஐ நம்பி ஊசி மருந்தைக் கூட்டியிருந்தால் ராத்திரியில் சீனி இறங்கி மயங்கியிருப்பார்.

அடுத்தது தேதி. பெட்டியில் மணற்கடிகைச் சின்னத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் காலாவதித் தேதி. அதன்மேல் குட்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நகத்தால் உரித்துப் பாருங்கள். உள்ளே போகும் மெல்லிய இழையில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி பூசியிருக்கிறது. நாள் கடந்தாலும் வெயிலில் வெந்தாலும் அது கெட்டுப்போகும். எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது பெட்டியிலேயே இருக்கும். நம் ஊர் மத்தியான வெயிலில் கார் பூட்டில் கிடந்த சரக்கு எந்தக் கதியில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது தந்திரம்தான் கெட்டிக்காரத்தனம். சென்சரை ஒட்டிய கையோடு விற்பவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கைப்பேசியில் தொடங்கிய சென்சரை இன்னொரு கைப்பேசியிலோ ரீடரிலோ (அளவைக் காட்டும் தனிக் கருவி) பார்க்க முடியாது. அளவு தெரிய வேண்டுமானால் விற்றவரிடம்தான் போக வேண்டும், தடவைக்கு 5 வெள்ளி. பழைய லிப்ரே 8 மணி நேரத் தரவைத்தான் வைத்திருக்கும். அதற்குள் ஸ்கேன் செய்யாவிட்டால் முந்தியது அழிந்துவிடும். ஆக 14 நாளில் பாதி வீண். ரீடர், கைப்பேசி இரண்டிலும் பார்க்க வேண்டுமானால் முதலில் ரீடரில் தொடங்கி, தயாராகும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் கைப்பேசியிலும் ஸ்கேன் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் நடக்காது.

இந்தியாவிலிருந்து வந்த ரீடர் என்றால் mg/dL அளவில் 126, 180 என்று மூன்று இலக்கமாகக் காட்டும். அதை மாற்ற வழியில்லை. 18-ஆல் வகுத்தால் நம் mmol/L கணக்கு: 126 என்றால் 7.0, 180 என்றால் 10.0.

ஊசியே இல்லாமல் சீனி பார்க்கும் கைக்கடிகாரம், மோதிரம் பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்றால் நின்றுகூடப் பார்க்காதீர்கள். அப்படி எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

குறை சொன்னால் விற்றவர் சொல்வது, "முதல் நாள் அப்படித்தான் காட்டும்." பாதி உண்மை. முதல் 24 மணி நேரம் தடுமாறும்தான். மூன்றாம் நாளும் தடுமாறினால்? சோதிக்கும் முறை இது: சாப்பிடுவதற்கு முன், திரையில் அம்புக்குறி படுக்கையாக (சீனி ஏறாமல் இறங்காமல்) இருக்கும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி விரலில் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரல் பொய் சொல்லும். விரலில் 8.0 என்றால் சென்சர் 6.4-க்கும் 9.6-க்கும் இடையில் இருந்தால் பரவாயில்லை. தே தாரேக் (இனிப்புப் பால் தேநீர்) குடித்த கையோடு ஒப்பிடாதீர்கள். சென்சர் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. அது ஐந்து பத்து நிமிடம் பின்தங்கித்தான் வரும்.

நல்ல சென்சரையும் நாமே கெடுப்பதுண்டு. ஒட்டிய கையின்மேல் படுத்தால் ராத்திரி அளவு பொய்யாக இறங்கும். நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் பொய்யாக ஏறும். தண்ணீரில் கரையும் 1000 மில்லிகிராம் மாத்திரை எத்தனை வீட்டில் இருக்கிறது! தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு வியர்வையில் ஒட்டு விட்டுவிடும். ஆல்கஹால் துடைப்பான் போட்டபின் தோல் நன்றாகக் காயட்டும், அப்புறம் ஒட்டுங்கள். மேலே பிளாஸ்திரி டேப் போடலாம்.

இன்சுலின் போடாதவர்கள் மாதாமாதம் வாங்கத்தான் வேண்டுமா? எங்கள் அபிப்பிராயத்தில் வேண்டாம். கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார நிலையம்) தவணைக்கு முந்திய இரண்டு வாரத்துக்கு, நல்ல கடையில் ரசீதோடு ஒன்று போதும். ஒரு நாள் ரொட்டி சானாய், ஒரு நாள் தோசை என்று மாற்றிச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வரும் அளவை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மலிவுச் சரக்கு இரண்டு வாங்கும் காசுதான்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போராங் 1 (பாரம் 1) நிரப்பி 5 வெள்ளி கட்டிக் கேட்கலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள், வக்கீல் வேண்டாம். வாட்சாப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, பெட்டி, அப்ளிகேட்டர் எதையும் வீசாதீர்கள். அப்ளிகேட்டருக்குள் ஊசி இருக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மூடி போட்டு வையுங்கள்.