ஏரியைச் சுற்றவா, பூம்பாறைக்குப் போகவா?

கொடைக்கானலில் மூன்றாம் நாள் எந்தத் திட்டமும் இல்லாமல் விடிந்தது. அத்தை பூம்பாறை என்றார். எனக்கு ஏரிக்கரையே போதும்.

பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர், முழுக்க வளைவுகள். மேலிருந்து பார்த்தால் படிப்படியாக வயல்கள், நடுவே நெருக்கியடித்த வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது நம்பிக்கை. மலைப்பூண்டை அங்கேயே வாங்கலாம். இரண்டு பல் உரித்தால் போதும், கை கழுவிய பிறகும் விரலில் காரம் நிற்கும். ஆனால் வண்டியில் தலைசுற்றல் வருகிறவர்களுக்கு இந்தப் பாதை ஆகாது. மூடுபனி இறங்கிவிட்டால் வயலும் தெரியாது.

ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடையை மறித்து உண்டாக்கியது. சுற்றிவர ஏறக்குறைய 5 கிலோமீட்டர், நடுவில் சுட்ட சோளம். அவ்வளவுதான், அவசரமே இல்லை.

வித்தியாசம் தெரிவது இரவுச் சாப்பாட்டில். ஊர் சுற்றிவிட்டு அலுத்து வந்தால் விடுதி பஃபேதான் கதி. முதல் நாள் எங்களுக்கு ஆறிப்போன பனீர்தான் கிடைத்தது. ஏரியோடு நிறுத்தினால் வெந்நீரில் குளித்து, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, பி.டி. ரோட்டில் ஆவி பறக்கும் துக்பா, அதாவது திபெத்திய நூடுல்ஸ் சூப், சாப்பிடலாம். காசு தனிதான், பரவாயில்லை.

வானம் வெளுத்திருந்தால் காலையிலேயே பூம்பாறை, இல்லையென்றால் ஏரி. அன்று மூட்டமாக இருந்ததால் நான் ஜெயித்தேன். மோமோவைப் பார்த்து அத்தை, “கொழுக்கட்டைதானே இது?” என்று கேட்டுவிட்டு இரண்டாவது தட்டும் சொன்னார்.