கொக்குவிலில் விலைக்கு நிற்கும் பழைய றலி: எவ்வளவு ஒரிஜினல், எவ்வளவு பெறும்?

கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் விலைக்கு நிற்கிற இந்தச் சைக்கிள் தூரத்தில் இருந்தே கண்ணைப் பறிக்கும். 24 அங்குல ஆண்கள் பிறேம், 28 அங்குலச் சில்லு, கம்பிப் பிறேக், முழுச் செயின் கேஸ், பின்சில்லில் மூன்று கியர் ஹப். கறுப்புப் பெயின்றில் முகம் பார்க்கலாம். "1954ஆம் ஆண்டு றலி, அத்தனையும் ஒரிஜினல்" என்று சொல்லி, அதற்கேற்ற விலையைத்தான் கேட்கிறார்கள். ஒரு சாவி செட், அடிமட்டம், நீளமான நூல் ஒன்று, கொஞ்சம் தின்னர். இவ்வளவும் கையில் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் அந்தச் சொல்லை உரசிப் பார்த்துவிடலாம். உரசிப் பார்த்ததில், பிறேமும் போக்கும் (முன்சில்லைத் தாங்கும் கவை) பின் ஹப்பும் றலியின் ஊரான இங்கிலாந்து நொட்டிங்ஹாமில் செய்த உண்மையான சாமான். ஆண்டு பிழை. மற்றதில் அரைவாசி மாற்றுச் சாமான்.

இதற்காக விற்கிறவரைக் குறை சொல்வது சரியில்லை. 1990க்குப் பிறகு போர்க்காலத் தடையால் பெற்றோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆளும் சாமானும் சைக்கிளில்தான் போனது. விறகு மூட்டையும் மண்ணெண்ணெய்க் கலனும் நோயாளியும் அதே கரியரில். பற்றரிக்கும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டார்கள். உடைந்த இடத்துக்குக் கிடைத்ததைப் போட்டு ஓடினார்கள். ஆகவே இங்கே உள்ள பழைய றலி ஒன்றில் எல்லாச் சாமானும் ஒரே ஆண்டுச் சாமானாக இருந்தால் அதைத்தான் இரண்டு தரம் பார்க்க வேண்டும்.

முதலில் பெயின்ற், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது. நொட்டிங்ஹாமில் அடித்தது சூளையில் வைத்துச் சுட்ட எனாமல். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சீற் கம்பி இறுக்கும் பட்டிக்குக் கீழேயோ பெடல் அச்சுக் குழாயின் அடியிலோ, வெள்ளைத் துணியில் தின்னர் தொட்டு உரசிப் பாருங்கள். உடைமையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சுட்ட எனாமல் துணியில் ஒட்டாது. ஸ்பிறே கடையில் அடிக்கும் சாதாரண லாக்கர் உடனே கறுப்பாக இறங்கும். இந்த வண்டியில் இறங்கியது. இரண்டு கூறு கலந்து அடிக்கும் இப்போதைய பெயின்றும் இறங்காது என்பதால் இந்தச் சோதனையோடு நின்றுவிடக் கூடாது. நட்டின் விளிம்பு, எண்ணெய் விடும் மூடி, பிறேமில் வெட்டிய எண், இவற்றுக்கு மேலாகப் பெயின்ற் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே சீற் லக்கில் (சீற்றுக்குக் கீழே குழாய்கள் சேரும் மூட்டில்) உள்ள எண் பெயின்றுக்குள் பாதி மூழ்கிக் கிடக்கிறது. நகத்தால் தடவினால்தான் பிடிபடும்.

தலைக் குழாயில் உள்ள றலியின் கொக்குத் தலைச் சின்னத்தை நெருங்கிப் பாருங்கள். பழையது பித்தளை. அச்சில் அழுத்தியதால் எழுத்துகள் மேடாக இருக்கும், சிறு ஆணிகளால் பிறேமில் அடித்திருக்கும். இதில் இருப்பது மெல்லிய அலுமினியத் தகட்டில் அச்சடித்த படம், பசையால் ஒட்டியது. காந்தம் பித்தளையிலும் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது, ஆகவே இந்த இடத்தில் காந்தம் உதவாது. ஓரத்தை மெல்லக் கிளப்பினால் உள்ளே இரண்டு சிறு ஓட்டைகள், பழைய சின்னத்தின் ஆணி இருந்த இடம். அந்த ஓட்டைகள் நல்ல செய்தி. பிறேம் சின்னத்தோடு பிறந்ததுதான், சின்னம் மட்டும் போய்விட்டது.

ஆண்டைச் சொல்வது பின் ஹப். ஸ்ரேமி ஆச்சர் கொம்பனி தன் கியர் ஹப்பின் ஓட்டில் மாதிரிப் பெயரோடு ஆண்டையும் மாதத்தையும் குத்தியது. இதில் 'ஏ.டபிள்யூ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 62, 4 என்று இருக்கிறது. 1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். 1954 என்ற கதை அதோடு முடிந்தது. ஆனால் ஹப் சொல்வது ஹப்பின் வயதைத்தான். சில்லு மாறியிருந்தால் பிறேமின் வயது வேறாக இருக்கலாம். 1973க்குப் பிறகு வந்த றலிகளில் பிறேம் எண் 'என்' என்ற நொட்டிங்ஹாம் எழுத்தோடு தொடங்கும். அடுத்த எழுத்து இரண்டு கிழமைக் கணக்கு, அதற்கடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இதில் அந்த அமைப்பு இல்லை. ஆகவே பிறேம் 1973க்கு முந்தியது, ஹப் 1962. இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டவில்லை. 1960களின் வண்டி என்று விலை பேசுவதே நேர்மை.

அடுத்ததில்தான் கூடிய நேரம் செலவழிக்க வேண்டும்: புரி, அதாவது நட்டு திருகி ஏறும் சுருள் வரி. றலி தன் பிறேமிலும் போக்கிலும் அங்குலத்துக்கு 26 புரி வெட்டியது. மற்ற ஆங்கிலேயச் சைக்கிள்களின் வழமையான கணக்கு 24. போக்கின் தலை நட்டைக் கழற்றி, தண்டின் புரிக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து அரை அங்குலத்துக்குள் எத்தனை வரி என்று எண்ணுங்கள். 13 வந்தால் றலி, 12 வந்தால் வேறு. சின்னத்தை ஒட்டலாம், கோடு கீறலாம், எழுத்து ஒட்டலாம். 24 புரிப் போக்கை 26 ஆக்குவதற்கு ஒருவரும் மினக்கெட மாட்டார்கள். அதனால்தான் இந்தச் சோதனை மற்ற எல்லாவற்றிலும் பெரியது.

இந்தப் போக்கில் 13 இருக்கிறது. ஆனால் மேல் கால் அங்குலம் நாசம். எப்போதோ தலைக் கப் தேய்ந்தபோது 24 புரி நட்டு ஒன்றை வலுக்கட்டாயமாகத் திருகி ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு, மூன்று சுற்று லேசாகப் போகும், பிறகு இறுகும். இறுகியதைப் பார்த்து "நல்லாப் பிடிச்சிட்டுது" என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் புரி ஒன்றையொன்று தின்கிறது. முன் பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் தலையில் 'டக்' என்று அடிப்பது இதனால்தான். இறுக்க இறுக்க இன்னும் கெடும். கடைச்சல் பட்டறையில் பித்தளை ஊற்றித் தடிப்பாக்கி 26 புரி திரும்ப வெட்டலாம். செய்யத் தெரிந்த கை வேண்டும், மலிவான வேலையும் இல்லை. பெடல் அச்சுக் கப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். கழற்றினால் ஒரு பக்கத்துக்கு கால் அங்குலப் போள்ஸ் 11 வீதம் இருக்க வேண்டும். இங்கே அது சுகமாக இருக்கிறது.

புரி 26 என்பதற்காகச் சின்னம் றலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஹம்பரை 1932இலும் ரட்ஜை 1943இலும் பி.எஸ்.ஏ. சைக்கிளை 1957இலும் றலி வாங்கியது. மூன்று துவக்குகளைச் சாய்த்து அடுக்கிய பி.எஸ்.ஏ. சின்னத்தோடு நொட்டிங்ஹாம் பிறேம் வந்தால் கள்ளச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். பழைய ஹம்பரின் போக்கை விரலால் எண்ணியே கண்டுபிடிக்கலாம்: ஒரு பக்கத்துக்கு இரண்டு மெல்லிய குழாய், மொத்தம் நாலு. இந்தியாவில் அசன்சோலில் செய்த சென்–றலி வேறு கணக்கு. உழைப்புக்கு நல்ல சைக்கிள், ஆனால் அதை நொட்டிங்ஹாம் விலைக்கு வாங்கக் கூடாது.

பிறேம் நேராக இருக்கிறதா என்பதற்குத்தான் நூல். பின் அச்சு நிற்கும் ஒரு பக்கக் காதில் கட்டி, தலைக் குழாயைச் சுற்றி, மற்றப் பக்கக் காதுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீற் குழாய்க்கும் நூலுக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி வர வேண்டும். இங்கே ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம், பரவாயில்லை. மூன்றுக்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். கீழ்க் குழாய் தலைக் குழாயைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். மதிலிலோ மாட்டு வண்டிலிலோ மோதிய சைக்கிளில் அங்கே மெல்லிய மடிப்பு இருக்கும். பெயின்ற் கண்ணுக்கு மறைக்கும், விரலுக்கு மறைக்காது. இதில் மடிப்பு இல்லை. ஆனால் பின் குழாய்கள் இரண்டிலும் சீற்றுக்குக் கீழே கரியரை மின்வெல்டிங்கில் ஒட்டி, பிறகு அரைத்து எடுத்த தழும்பு இருக்கிறது. றலி இணைப்புகள் பித்தளையால் ஒட்டியவை, சுரண்டினால் மஞ்சளாக மினுங்கும். சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக இருந்தால் அது பிறகு வந்த வெல்டிங். சுமை தாங்கும் பலம் குறையும் அளவுக்கு இங்கே காயம் ஆழமில்லை.

பின்சில்லு நல்லது. 40 கம்பி, றிம்மில் இங்கிலாந்து என்ற முத்திரை தெளிவாகத் தெரிகிறது. கியரை இப்படிப் பாருங்கள்: கியர் மாற்றும் நெம்பை இரண்டாம் கியரில் வைத்து, வலப்பக்க நட்டில் உள்ள சிறு சாளரத்துக்குள் பார்த்தால் கியர்ச் சிறு சங்கிலி பூட்டிய கம்பியின் தோள் (தடிப்பு முடியும் இடம்) அச்சின் முனையோடு மட்டமாக நிற்க வேண்டும். மட்டம் பிசகினால் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் கியர் பிடிக்காமல் விட்டுவிடும். எழும்பி நின்று உழக்குகிற நேரத்தில் அப்படி நடந்தால் ஆள் பாரில் விழுவார். இங்கே இரண்டு திருகுச் சுற்றில் சரியாகிவிட்டது. ஹப்பினுள் கிறீஸ் பூசக் கூடாது, மெல்லிய எண்ணெய் நாலைந்து துளி போதும். கிறீஸ் அடைத்தால் உள்ளே இருக்கும் சின்னக் கொளுக்கிகள் ஒட்டிக்கொண்டு எழும்பாது.

முன்சில்லு இந்தியச் சாமான். முத்திரையிலேயே தெரிகிறது. கம்பிப் பிறேக்குக்கு ஏற்ற றிம் என்பதால் ஓட்டத்துக்குக் குறையில்லை. பிறேக் கட்டை றிம்மின் உட்பக்கத்தைத்தான் பிடிக்கும், தட்டைப் பக்க றிம் போட்டிருந்தால் அதற்குப் பிடி கிடைத்திருக்காது. வேறு வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: முன் ஹப் தடித்த மேளம் போல இருந்தால் அது விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப்பாக இருக்கலாம், விலை கூடிய சாமான். அதன் உள்ளிருக்கும் காந்தத்தை, இரும்பு வளையம் போட்டுக் காக்காமல் வெளியே இழுத்தால் காந்தம் பலவீனப்பட்டுவிடும். தெரியாத கையில் கொடுக்காதீர்கள்.

செயின் கேஸில் முன் வட்ட மூடி இல்லை. மட்காட் இரண்டும் ஒரிஜினல், பின் மட்காட்டின் அடி கடல் காற்றில் அரித்துப் பெயின்றால் நிற்கிறது. ஹாண்டிலும் பிறேக் கம்பிகளும் நொட்டிங்ஹாம், ஆணிகளில் 'ஆர்.ஐ.' (றலி இன்டஸ்ரீஸ்) எழுத்து இருக்கிறது. சீற் புதுசு, இந்தியத் தோல். புறூக்ஸ் என்ற ஆங்கிலேயத் தோல் சீற் இருந்த இடம் அது.

விலைக்கு வருவோம். சாமான் எல்லாம் சரியான, பெயின்ற் மாறாத வண்டி ஒன்று 100 பெறும் என்று வைத்தால், பிறேமும் போக்கும் 40, சில்லுகள் 20, செயின் கேஸும் மட்காட்டும் 15, சீற் 10, ஹாண்டிலும் பிறேக்கும் 10, சின்னம், மணி, விளக்கு, பம் எல்லாம் சேர்த்து 5. இந்த வண்டிக்குப் பிறேமிலும் போக்கிலும் பெயின்றுக்காக 10, புரிக்காக 5 கழித்து 25. சில்லு 12, கேஸும் மட்காட்டும் 9, சீற் பூச்சியம், ஹாண்டில் 9, சில்லறைச் சாமான் 1. கூட்டினால் 56. கேட்கிற விலை 100க்கு உரியது. அரைவாசிக்குக் கிட்ட இறங்கினால் வாங்குங்கள், இது வாங்கத் தகுந்த பிறேம். இறங்காவிட்டால், நிறம் மங்கி, கோடு பாதி அழிந்து, ஒருவரும் தொடாத பெயின்றோடு நிற்கிற இன்னொரு றலியைத் தேடுங்கள். பழைய பெயின்ற் உரிந்திருந்தாலும் விலை பெறும். போனதை எந்தக் கடையும் திருப்பித் தராது.

காசு கொடுக்க முன் ஒன்று கேளுங்கள்: கழற்றிய பழைய சாமான் எங்கே? யாழ்ப்பாணத்து வீடுகளில் பழைய இரும்பை லேசில் எறிய மாட்டார்கள். கொட்டிலிலோ கிணற்றடிப் பெட்டியிலோ தேடினால் பழைய முன் ஹப், செயின் கேஸ் மூடி, தோல் கிழிந்த புறூக்ஸ் சீற்றின் இரும்புச் சட்டம், உள்ளூராட்சிச் சபை கொடுத்த பழைய சைக்கிள் இலக்கத் தகடு என்று ஏதாவது அகப்படும். தகட்டில் உள்ள ஆண்டு வண்டியின் வயதுக்கு இன்னொரு சாட்சி. விலையில் கொஞ்சம் குறைப்பதை விட அந்தப் பெட்டியைச் சேர்த்துக் கேட்டு வாங்குவது மேல்.