சிங்கப்பூர் பன்னாட்டு நடுவர் மையம்: புதிய விதிகளுக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

ஏற்றுமதி ஒப்பந்தங்களை வரைந்து கொடுக்கும் வழக்கறிஞன் என்ற முறையில், நீதிமன்றத்துக்குப் போகாமல் இரு தரப்பும் ஏற்ற நடுவரிடம் தகராறைத் தீர்த்துக்கொள்ளும் பன்னாட்டு நடுவர் தீர்ப்பு முறை பெருநிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்று தயங்கும் நடுத்தர வணிகரின் பக்கம் நின்றே இந்தச் சேவையை மதிப்பிடுகிறேன். 1991 முதல் இயங்கிவரும் இந்த மையத்தை நாடும் வெளிநாட்டவரில் இந்தியத் தரப்பினர் முன்வரிசையில் இருப்பவர்கள். மையத்தின் ஏழாம் பதிப்பு விதிகள் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தன.

அவற்றில் மனதாரப் பாராட்ட வேண்டியது, பத்து லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேற்படாத வழக்குகளுக்கான எளிய நடைமுறை. ஒரே நடுவர், பொதுவாக ஆவணங்களைக் கொண்டே விசாரணை, நடுவர் அமர்ந்த மூன்று மாதங்களில் தீர்ப்பு, கட்டண உச்சவரம்பில் பாதிக்கு மிகாத செலவு என்று வகுத்திருப்பதால், சிறிய பாக்கித் தொகைக்காகவும் துணிந்து வழக்குத் தொடரலாம். ஒரு கோடி டாலர் வரையிலான வழக்குகளுக்கு ஆறு மாதக் கெடுவுடன் விரைவு நடைமுறை உண்டு.

முதன்மை நடுவர் அமர்வதற்கு முன்பே இடைக்கால ஆணை பெற உதவும் அவசர நடுவர் வசதியில்தான் கவனம் தேவை. எதிர்த்தரப்பு சொத்தை மாற்றிவிடும் என்று அஞ்சினால், அவர்களுக்கு முன்னறிவிப்புத் தராமலே பாதுகாப்பு ஆணை கோரலாம். நியமனமான 24 மணி நேரத்தில் அவசர நடுவர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆணை இந்தியாவில் செல்லுமா என்பது ஒப்பந்தத்தில் குறித்த சட்ட இருப்பிடத்தை, அதாவது எந்த ஊரின் சட்டமும் நீதிமன்றமும் நடுவர் விசாரணையை மேற்பார்வையிடும் என்பதைப் பொறுத்தது. அமேசான், ஃப்யூச்சர் குழும வழக்கில் 2021 ஆகஸ்ட் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இம்மையத்தின் அவசர நடுவர் ஆணையை ஏற்றது உண்மை. எனினும் அங்கே இருப்பிடம் புதுதில்லி. சிங்கப்பூரை இருப்பிடமாகக் குறித்தவருக்கு அந்த நேர்வழி இல்லை. இடைக்கால நிவாரணத்துக்கு இந்திய நடுவர் சட்டத்தின் 9-ஆம் பிரிவின் கீழ் இந்திய நீதிமன்றத்தைத் தனியாக அணுக வேண்டியிருக்கும். கட்சிக்காரர்கள் ஊர்ப்பெயரைக் கண்டுகொள்ளாமல் கையெழுத்திடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

வேகத்தைவிட எனக்குப் பெரிய கவலை, தீர்ப்பின் தரம். இந்தியச் சரக்கு ரயில் பாதை தொடர்பான ஒரு நடுவர் தீர்ப்பின் 451 பத்திகளில் குறைந்தது 212 பத்திகள் முந்தைய தீர்ப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்று கண்டு, அது ரத்தானதை சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. இது துறை முழுவதையும் உலுக்க வேண்டிய செய்தி. இம்மையம் வரைவுத் தீர்ப்பைப் பரிசீலித்த பிறகே வெளியிட அனுமதிக்கிறது என்பது ஆறுதல். ஆயினும் நடுவரின் முடிவெடுக்கும் சுதந்திரத்தில் அது கைவைக்க முடியாது, கைவைக்கவும் கூடாது. ஆகவே நடுவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் முன்பு வகித்த பதவியைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இதேபோன்ற எத்தனை வழக்குகளை இப்போது கையில் வைத்திருக்கிறார் என்றும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பத்து லட்சம் டாலருக்கு உட்பட்ட விற்பனை ஒப்பந்தங்களுக்கு இம்மையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். எதிர்த்தரப்பின் சொத்து இந்தியாவில் இருந்தால், கையெழுத்துக்கு முன்பே இருப்பிடத்தை வழக்கறிஞருடன் பேசி முடிவு செய்யுங்கள்.