குண்டு பல்பு: தடையா, அளவுகோலா, மலிவு விலையா?

நம் வீட்டில் எந்த பல்பு எரிய வேண்டும் என்பதில் அரசு தலையிடலாமா? தலையிட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் எப்படித் தலையிடுவது என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் நேராகத் தடைக்குப் போனது. 2009 செப்டம்பரில் 100 வாட் குண்டு பல்பு, அடுத்த வருடம் 75, அப்புறம் 60, 2012-ல் 40, 25 என்று படிப்படியாகக் கடைக்கு வராமல் செய்தார்கள். வாங்கும் கரண்டில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்குகிற பொருள் அது, அதனால் காரணம் நியாயம்தான். நேரம்தான் சரியில்லை. நல்ல எல்.இ.டி. அப்போது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது, அதனால் பலர் கைக்கு வந்தது பாதரசம் உள்ள, சுவிட்ச் போட்டதும் முழு வெளிச்சம் தராத சி.எஃப்.எல். ஜெர்மனியில் ஒருவர் குண்டு பல்பையே குட்டி ஹீட்டர் என்று பெயர் மாற்றி விற்கப் பார்த்தார்.

அமெரிக்கா அளவுகோல் வைத்தது. எந்த வகை பல்பாகவும் இருக்கட்டும், ஒரு வாட்டுக்கு 45 லூமென் (லூமென் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வர வேண்டும், அவ்வளவுதான். யோசனையாக எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் புஷ் 2007-ல் கையெழுத்திட்ட சட்டம் இது, டிரம்ப் அரசு 2019-ல் பின்வாங்க, பைடன் அரசு 2022-ல் மறுபடி கொண்டுவர, 2023 ஆகஸ்டில்தான் முழுசாக அமலானது.

இந்தியா தடை போடவில்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசு நிறுவனமே எல்.இ.டி. பல்புகளை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியது, 2014-ல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. 60 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு 9 வாட் எல்.இ.டி. போட்டால், தினம் ஐந்து மணி நேரம் எரித்தாலும் வருடத்துக்கு 93 யூனிட் மிச்சம்.

'மக்களே கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள், அரசு எதற்கு' என்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்குள் அடங்கும் வீட்டுக்கு பில்லே வராது, அப்படியிருக்க பத்து ரூபாய் குண்டு பல்பை விட்டுவிட்டு அவர்கள் ஏன் விலை கூடியதை வாங்கப் போகிறார்கள்? விலையை இறக்கிய வழிதான் அங்கே எடுபடும்.

என் ஓட்டு இந்திய வழிக்கே, ஒரு பெரிய குறையோடு. 2018 முதல் எல்.இ.டி. பல்புக்கு, எவ்வளவு கரண்ட் மிச்சம் பிடிக்கும் என்று நட்சத்திரங்களால் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயம். இருந்தும் தெருமுனைக் கடையில் பில் இல்லாமல் நான் வாங்கிய பல்பு ஆறே மாதத்தில் மினுக்க ஆரம்பித்தது, அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது, அதாவது தினம் ஐந்து மணி நேரம் எரித்தால் 13 வருடத்துக்கு மேல். இப்படிப் போகிறவற்றில் பெரும்பாலும் எல்.இ.டி. சாவதில்லை, வீட்டுக் கரண்டை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தர உள்ளே இருக்கும் மலிவான டிரைவர் சர்க்யூட்தான் சூட்டில் போகிறது. இப்படி இரண்டு முறை ஏமாந்த வீடு திரும்பக் குண்டு பல்புக்கே போய்விடும். அதனால் அதிகாரிகள் கம்பெனி அனுப்பும் மாதிரியோடு நிறுத்தாமல், இந்த மாதிரிக் கடைகளில் தாங்களே பல்பு வாங்கி எரித்துப் பார்த்து, தேறாத பெயர்களை வெளியிட வேண்டும்.