கரப்பான் சாலையோடு நான்கு வருடம்

போன சனிக்கிழமை இரவு அலுவலகத் தம்பி ஒருவனிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி. “அண்ணே, பேங்கர் வரிசையா ஏழு. இப்ப பிளேயர்ல வைக்கலாமா?”

சிங்கப்பூரில் நிரந்தரவாசி சூதாட்டக் கூடத்துக்குள் நுழையவே 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி. அதையும் கட்டிவிட்டு பேங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டும் பக்காரா சீட்டாட்டத்தின் முடிவுப் பலகையை நான்கு வருடமாக அண்ணாந்து பார்ப்பவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறான்.

பலகை அழகுதான். அதில் ‘பெரிய சாலை’ என்னும் முடிவுக் கட்டம் நேர்மையானதும்கூட: பேங்கருக்குச் சிவப்பு, பிளேயருக்கு நீலம், வெற்றி கைமாறினால் அடுத்த பத்தி. என் எரிச்சலெல்லாம் கீழே இருக்கும் மூன்று குட்டிச் சாலைகள்மேல். அதிலும் கரப்பான் சாலை! அங்கே சிவப்பு என்றால் பேங்கர் இல்லை. மேலே உள்ள பத்திகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் சிவப்பு, போகாவிட்டால் நீலம். இது புரியவே எனக்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை சிவப்பைப் பார்த்துப் பார்த்து பேங்கரில் வைத்தேன். புரிந்தபின் கோபம் இன்னும் கூடியது. மூன்றுமே பெரிய சாலையிலிருந்து போட்ட கணக்கு. புதிதாக ஒரு தகவலும் கிடையாது. ஒரே ஜாதகத்தைக் கட்டம் மாற்றி மாற்றி எழுதிக் காசு வாங்குவதுபோல.

ஒருநாள் வீட்டில் ஒரு வெள்ளி நாணயத்தை 70 முறை சுண்டி அதே கட்டங்களில் எழுதினேன். டிராகன் வால்கூட, அதாவது ஒரே பக்கம் நீளமாகத் தொடரும் வரிசைகூட, வந்தது! 70 சுண்டலில் தொடர்ந்து ஆறு ஒரே பக்கம் விழ பாதிக்கும் மேல் வாய்ப்பு உண்டு. டையை, அதாவது சமநிலையை, விட்டுவிட்டால் பேங்கர் சுமார் 50.7 சதவீதம், ஏழு முறை வந்தபின்பும் அதேதான். ஷூவில், அதாவது சீட்டு எடுக்கும் பெட்டியில், சீட்டு குறைவதால் ஏற்படும் மாற்றம் நம் பையை எட்டாது.

பலகையால் ஒரு நன்மை உண்டு, சொல்லிவிடுகிறேன். டையைக் குறிக்கும் பச்சைக் கோடுகளை எண்ணி எண்ணித்தான் டையில் வைப்பதை விட்டேன். பத்தில் ஒன்றுகூட முழுதாக வராத பந்தயத்துக்கு எட்டு மடங்குதான் தருகிறார்கள். சூதாட்டக் கூடத்தின் பங்கு 14 சதவீதத்துக்கும் மேல். அந்த வகையில் என் காசைக் காப்பாற்றியது இதே பலகைதான். பலகைக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம் என்றுதான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்தேன்.

தம்பிக்கு “எதில் வைத்தாலும் ஒன்றுதான், எழுந்து வா” என்று பதில் போட்டேன். அவன் பிளேயரில் வைத்திருக்கிறான். ஜெயித்தும்விட்டான். “கரப்பான் சாலை சொல்லிச்சுண்ணே!”

ஒரு நட்சத்திரம்.